தட்டேந்திகள்

ஓக்லியில் கிரேக்கரின் பெரிய வெள்ளி.
மற்றவர்களுடையது போன கிழமையே முடிந்துவிட்டது.
தெரு முனையில் நிற்கிறேன்,
ஒரு பக்கம் 'நில்', மறுபக்கம் 'மெல்ல'
எழுதிய கம்புப் பலகையோடு.
செம்மஞ்சள் மேலங்கி,
இரவுக்குக் கொஞ்சம் கூடுதல் சம்பளம்.

ஒரு காதில் மேற்பார்வையாளர்,
மற்றக் காதில் ஆரபி:
"அப்பா, பழைய ஏதென்சிலும்
உங்களைப் போல ஆட்கள் இருந்தவையாம்."

குடியிருக்கலாம்; குடியாக முடியாது.
தலைவரி ஆண்டுக்குப் பன்னிரண்டு திராக்மா,
தனித்துப் பிழைக்கும் பெண்ணுக்கு ஆறு.
காணி வாங்கக் கூடாது.
பொறுப்பு நிற்க ஒரு குடிமகன் வேண்டும்.
போர் வந்தால் மட்டும்
வரிசையில் தாராளமாய் இடம்.

"வரி கட்டாட்டி?"
"வித்துப்போடுவினமாம்."
சிரித்தாள். நான் பலகையைத் திருப்பினேன்,
பீட்சா வண்டி ஒன்று போக வேண்டியிருந்தது.

திருவிழாவில் அவர்கள்
ஊதாச் சிவப்பு அங்கி உடுத்தி
தேனடைத் தட்டு ஏந்தி நடப்பார்களாம்.
ஊர் வைத்த பட்டம்: தட்டேந்திகள்.
அவர்களின் பெண்பிள்ளைகள்
குடிமக்களின் பெண்பிள்ளைகளுக்குக்
குடை பிடித்துக்கொண்டு...

குடையில் குரல் நின்றது.
அந்தப் புத்தகம் வசிலிக்கியினுடையது, இரவல்.
அவள் போகும் பல்கலைக்கழகம்
ஆரபியையும் அழைத்தது,
வெளிநாட்டார் கட்டணத்தோடு.
இங்கே வந்தபோது ஆரபிக்கு வயது மூன்று.
இடைக்கால விசாவுக்கு இது பதினைந்தாம் வருடம்.

எங்கள் துறைமுகங்களிலும் யவனர் இருந்தார்கள்.
அவர்களிடம் நாம் என்ன கேட்டோம்?
தெரியவில்லை.
அவர்கள் கொண்டுவந்த மதுவைப் பற்றித்தான்
பாடி வைத்திருக்கிறோம்.

மணி ஒலித்தது. பூ மூடிய பாடை
தோள்களில் அசைந்து வந்தது,
பின்னால் தெரு கொள்ளாத மெழுகுதிரி.
'நில்' காட்டினேன்.
இரண்டு டக்சி நின்றன, ஒரு பேருந்து நின்றது.
அதன் சீக்கிய ஓட்டுநர்
இயந்திரத்தை அணைத்தார்.
யாரும் சொல்லவில்லை.

கூட்டத்தை விட்டு ஓடி வந்தாள் வசிலிக்கி.
எரியும் திரி ஒன்றை
என் மற்றக் கையில் திணித்து
"ஆரபி வரவில்லையா?" என்றாள்,
பதிலுக்கு நிற்காமல் ஓடினாள்.
காதுக்குள் ஆரபி
மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தாள்.

ஊர்வலத்தின் வால் கடந்தது.
பலகையைத் திருப்பினேன்: மெல்ல.
பேருந்து போகும்போது
ஓட்டுநர் இரண்டு விரல் உயர்த்தினார்.

காவலில் நிற்பவன் கையில்
வேறெதுவும் இருக்கக் கூடாதென்பது விதி.
மெழுகு கையுறையில் சொட்டுகிறது.
ஊதி அணைக்க மனமில்லை.
இறக்கி வைக்க இடமும் இல்லை.