இரண்டு நிரல்

பத்மசீலன் சேர் தந்த துண்டில்
இரண்டே சாமான்:
கடற்புழு ஆறு. தவளை ஆறு.
நாளைக்கு உயர்தர வகுப்புக்குச் செய்முறை.

புழுவுக்குக் கிண்ணியாப் பாலத்தடி.
வற்றுநேரச் சேற்றில் முழங்கை மட்டும் விட்டுத்
தூண்டில்காரருக்காகக் கிளறிக்கொண்டிருந்தார் லாபீர் நானா.
"படிக்கவா? மீனெல்லாம் இதை எப்பவோ படிச்சு முடிச்சிட்டே"
என்று ஐஸ்கிறீம் டப்பாவில் எண்ணிப் போட்டார்.
கடல்நீரும் அதே இடத்தில் மொண்டது.

தவளைக்குக் குறிஞ்சாக்கேணி வயல்.
அங்கே விலையில்லை, ஓட்டம்தான்.
வரம்பில் இரண்டு முறை விழுந்தேன்.
ஆறு கேட்ட இடத்தில் ஒன்று,
அதுவும் தானாகவே பால்மா டின்னுக்குள் பாய்ந்தது.
வாய்க்கால் தண்ணீர் அரை டின்.

பஸ்ஸில் என் மடியில் இரண்டு நீர்.
ஒன்றில் வளையம் வளையமாய் நீளம்,
வளையத்துக்கு ஒரு சோடித் துடுப்பு,
தோலினூடே தெரியும் செந்நிற இரத்தம்.
மற்றதில்
என்னையே பார்க்கும் இரண்டு பொன்வட்டம்.

சீனன்குடாவில் இறக்கினார்கள்.
ஆண்கள் ஒரு வரிசை. பெண்கள் ஒரு வரிசை.
"மே மொனவாத?" டின்னைத் தட்டினான்.
தவளை என்றேன்.
டப்பாவைத் தட்டினான்.
புழு என்றேன்.
என் அடையாள அட்டையை விட
அவற்றை அதிக நேரம் பார்த்தான்.
மூடிகளைத் திருப்பித் தரவில்லை.

ஐந்தாங்கட்டைப் பள்ளத்தில் பஸ் விழ
கடல் தெறித்தது, தவளையின் மேல்.

தவளைக்குக் குடிக்க வாய் வேண்டாம்,
தோல் குடிக்கும்.
குடிக்காதே என்று தோலுக்குச் சொல்ல
அதற்குத் தெரியாது.
மல்லாந்து கிடந்தது, வெள்ளை வயிறு.

தவளைக்கு நரம்பு முதுகோடு,
புழுவுக்கு வயிற்றோடு:
சேர் எழுத எழுத எத்தனை முறை
அந்தப் பலகையை அழித்திருப்பேன்.
மல்லாந்த தவளைக்கும்
நேரே கிடந்த புழுவுக்கும்
நரம்பு இப்போது ஒரே பக்கம்,
தரையின் பக்கம்.
இதற்கு நிரலில் இடமில்லை.

குடிக்க வைத்திருந்த போத்தலைத் தவளைமேல் கவிழ்த்தேன்,
துளியும் டப்பாவுக்குள் போகாதபடி
மறுகையால் அணைகட்டி.
அதற்கு உயிர் தருவது இதை ஊதவைத்துக் கொல்லும்.
பக்கத்து மனுசி சீலையை இழுத்துக்கொண்டார்.
பின்னங்கால் ஒன்று
மெல்ல மடங்கியது.

ஒரு தவளையை வைத்து முப்பது பிள்ளைக்கு என்ன காட்டுவது?
சேர் படத்தைத் தொங்கவிட்டார்.
புழுக்கள் ஆறும் போர்மலினில்,
கதவருகே, இரண்டாம் தட்டில்.

தவளையை ஆய்வுகூடத்தின் பின்னால் விட்டேன்.
ஒருபக்கம் மழைக்கான்,
மறுபக்கம் மதில், மதிலுக்கப்பால் துறைமுகம்.
மணி அடித்துவிட்டது.
எந்தப் பக்கம் பாய்ந்ததென்று
நான் பார்க்கவில்லை.