இருப்புப் பதிவேடு, பக்கம் 41

தை கடைசியில் வந்தது பெட்டி.
'கட்டுமான விளையாட்டுப் பொருள், 212 உருப்படி' என்று
பதிவேட்டில் ஏற்றினேன்.
தட்டு, தண்டு, திருகு, அச்சு,
பல்சக்கரம் சிறியது பன்னிரண்டு, பெரியது எட்டு.
உடைந்தாலோ தொலைந்தாலோ
தலைமையாசிரியரே பொறுப்பு என்று
கூடவே ஒரு சுற்றறிக்கை.
தலைமையாசிரியரும் நான்தான்,
மணி அடிப்பதும் நான்தான்.
மூன்று வாரம் பீரோவுக்குள்
பத்திரமாக இருந்தது அறிவியல்.

"அதையும் முட்டை மாதிரி
எண்ணித்தான் குடுப்பீங்களா டீச்சர்?"
சஃப்ரின், மூன்றாம் வகுப்பு.
சாவியை எடுத்தேன்.

கையேட்டில் ராட்டினம், காற்றாலை,
பனியில் சறுக்கும் ஒரு வண்டி.
எழுத்து எந்த மொழியென்றே தெரியவில்லை.
யாரும் படிக்கவில்லை,
நல்லதாய்ப் போயிற்று.

முதலில் பாலம்.
என் நாற்காலிக்கும் வருகைப் பதிவேட்டு மேசைக்கும் நடுவே
அரிச்சந்திரா நதி ஓடுவதாக வைத்துக்கொண்டார்கள்.
சாக்பீஸ் டப்பாவை ஏற்றியதும்
சட்டம் ஒருக்களித்து
இடுப்பொடிந்து உட்கார்ந்தது.
இரண்டாம் முறையும்.
மூன்றாம் முறை பெனிட்டோ
மூலைக்கு மூலை ஒரு தண்டைச் சாய்த்து முடுக்கினான்.
டப்பா நின்றது. என் கைப்பை நின்றது.
தலையாட்டிப் பார்த்துவிட்டு
தண்ணீர்க்குடத்தைத் தூக்கி வந்தவர்களை
நான்தான் தடுத்தேன்.
எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு,
"ஆடிக்கிட்டே இருந்துச்சு. புடிக்கல."

முக்கோணம் என்ற சொல்லை
நாற்பது நிமிடம் நடத்தியிருப்பேன் நான்.

பிறகு சக்கரங்கள்.
பல்லோடு பல் கோத்தால்
ஒன்று வலம் போக அடுத்தது இடம் போனது.
மூன்றை வட்டமாகக் கோத்தார்கள்.
அசையவில்லை.
"சண்டை போடுது டீச்சர்."
ஒன்றை எடுத்துவிடுங்கள் என்றேன்.
முடியாதாம், அது பாவமாம்.
நாலாவதாக ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.
சுற்றியது.

அன்று இரவு சமையல் முடிந்து
ஒற்றை ரூபாய்களை மேசையில் வட்டமாக அடுக்கி
ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறி போட்டுப் பார்த்தேன்.
ஐந்துக்கு நிற்கிறது.
ஆறுக்கு ஓடுகிறது.
பதினெட்டு வருட சர்வீஸில்
ஒரு நாளும் தோன்றாதது இது.

சித்திரையில் எண்ண வந்தார்கள்.
208.
பெரிய சக்கரம் ஒன்று, அச்சு ஒன்று, திருகு இரண்டு இல்லை.
யுகேந்திரன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.
சுவரில் ஒன்றும் இல்லை.
'தேய்மானம்' என்று எழுதினேன்.
"நாலு மாசத்துல பிளாஸ்டிக் தேயுமாம்மா?"
"உப்புக்காத்து சார்."
"அது இரும்புக்கு."
"கடைமடை சார். இங்க எல்லாம் தேயும்."
ஒன்று இருபது பஸ்ஸை விட்டால்
அடுத்தது நாலரைக்கு.
கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

மேட்டூர் திறந்து எத்தனையோ நாள் கழித்து,
முறைவைத்து, ஒவ்வொரு மதகாக இறங்கி,
எங்களூர் வாய்க்காலுக்கு வந்தது தண்ணீர்.
முதலில் நுரை,
அப்புறம் சருகும் ஒரு ரப்பர் செருப்பும்,
அப்புறம்தான் தண்ணீர்.

காலை எட்டே முக்காலுக்கு
மதகோரம் சைக்கிளை நிறுத்தினேன்.
இரண்டு காட்டாமணக்குக் கவட்டைக்கு நடுவே
அச்சு.
அதில் மஞ்சள் சக்கரம்.
பல்லுக்குப் பல் விட்டு
நூலால் கட்டிய எட்டு ஐஸ்கிரீம் கரண்டிகள்.
ஒவ்வொரு கரண்டிக்கும் கொஞ்சம் யோசித்து,
அடுத்ததைத் தண்ணீரிடம் நீட்டிச்
சுற்றிக்கொண்டிருந்தது.

மேல்பாதி வெயிலில் வெளுத்து
எலுமிச்சை நிறமாகியிருந்தது.
அப்படியானால் வாய்க்கால் வெடித்துக் கிடந்தபோதே
வைத்திருக்கிறான்.
கோடை முழுக்கச் சும்மா நின்றிருக்கிறது,
தண்ணீர் வருமென்று.

சக்கரத்தை நான் எடுக்கவில்லை.
வெளுத்தது தேய்மானத்தில் சேரும்,
பொய் எழுதவில்லை.

அன்று பள்ளியில்
மணி ஏழு நிமிடம் தாமதமாக அடித்தது.