எண்பத்தேழாவது துளி

பஸோவிட்ஸாவில் இரவு இரண்டு மணி.
போரா காற்று கூரைத் தகரத்தைப்
பிடித்து உலுக்குகிறது.
சுண்ணாம்புப் பாறைமேல் வட்டமாய் எழுந்த கட்டடத்துக்குள்
எலெக்ட்ரான்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன,
காற்று என்ற ஒன்றை அறியாமல்.

நீவெஸ் ஷ்கெர்க்கின் விரல் முட்டுகள் வீங்கியிருக்கின்றன.
குளிரில் அப்படித்தான் என்கிறாள்.
நைலான் கண்ணியால் துளிக்குள் துழாவுகிறாள்:
சர்க்கரைத் துணுக்கில் கால்வாசிகூட இல்லாத படிகம்
வழுக்குகிறது,
மறுபடி வழுக்குகிறது.

பதினான்கு மாதம்.
எண்பத்தாறு துளிகளில் கலங்கல், ஆடை, அல்லது வெறும் தண்ணீர்.
எண்பத்தேழாவதில்
பக்கத்து வீட்டுப் பூனையின் உதிர்ந்த மீசைமுடியால்
ஒரு கோடு இழுத்துவிட்டாள்.
அதைக் கட்டுரையில் எப்படி எழுதுவது என்று
தூலியோவோடு ஒரு வாரம் சண்டை.
கோட்டின் வழியே ஏழு முளைத்தன.
அழகான ஆறும் கதிர் பட்டதும் மங்கிப்போயின.
விரிசல் விட்டிருந்த ஒன்று
கடைசிவரை தாங்கியது.

இந்த நொதிக்குத் தெரிந்த சொல் ஒன்றே:
போதும்.
வெள்ளணு வெகுண்டு எழும்போது
தோளுக்குத் தோள் தட்டி எழுப்பிக்கொண்டு ஓடும் புரதங்களின்மேல்
ஏறிய பாஸ்பேட்டை ஒவ்வொன்றாய்க் கழற்றும்,
திரி கிள்ளுகிற விரல்போல.

நாலே காலுக்குத் திரையில் வந்தது உருவம்.
நீல வலைக்குள்,
முடிச்சு முடிச்சாய்,
தன் கையாலேயே தன் வாயைப் பொத்தியபடி
உட்கார்ந்திருக்கிறது.
ஏவல் வந்தால்தான் கையை எடுக்குமாம்.
தூலியோ நேரோ காபியைக் கீழே வைத்துவிட்டு
அதேபோல் தன் வாயைப் பொத்திக் காட்டினான்.
நீவெஸ் சிரிக்கவில்லை,
ஓரிடத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள்.

கைக்கும் உடலுக்கும் நடுவே
ஒரு சுருள் இருந்தாக வேண்டும்.
வலை அங்கே அறுந்து கிடக்கிறது.
அடங்காமல் அசைவது
கதிருக்குப் பிடிபடாது.
எல்லோரும் செய்வதுதானே, உத்தேசமாய் ஒரு வளைவு போடலாம்
என்றான் தூலியோ.
வேண்டாம் என்றாள்.

அவள் முட்டுகளுக்கு அந்த ஒற்றைச் சொல்
ஏன் கேட்கவில்லை என்பதைப் படம் சொல்லவில்லை.
அவளும் அதைப் படத்திடம் கேட்கவில்லை.
ஆறிக்கொண்டிருந்த அவன் கோப்பையை
இரு கையாலும் பற்றிக்கொண்டாள், சூட்டுக்காக.
பிறகு ஒரு விரலால்,
மெதுவாக,
இருநூற்றாறுக்கும் இருநூற்றுப் பதினெட்டுக்கும் இடையில்
தட்டச்சினாள்:
பதினொன்று, காணவில்லை.