ஆடைக் குறிப்பு, காட்சி 41

மரைன் படைக்காரன் கோட்டுக்கு எத்தனை பித்தான்?
மூன்று வாரமாய் இதுதான் என் பிழைப்பு.
ஒரு புகைப்படத்தில் ஏழு தெரிகிறது.
ஆனால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான் படுபாவி,
கைக்குப் பின்னால் எத்தனையோ.
இன்னொன்றில் ஒன்பது.
அதில் நிற்பவன் மரைனே இல்லை என்று
ரிச்மண்டிலிருந்து ஒருவர் எழுதினார்
கொஞ்சம் கோபமாகவே.
தோற்ற பக்கத்தின் தாள்கள் பாதி தீயில் போயின.
மிச்சம் சொற்பம்,
சொற்பத்திலும் சண்டை.

நிறம் சாம்பல் என்றிருக்கிறது.
எந்தச் சாம்பல்?
விறகுச் சாம்பலா, ஊதுவத்தியின் நுனியில்
விழாமல் வளைந்திருக்கிறதே அதுவா,
தைப்பூசத்து நெற்றியில் வியர்வையோடு காய்ந்ததா?
அவர்கள் சாயம் வெயிலுக்கு நிற்காதாம்,
நாளடைவில் பழுப்பேறி
தே தாரேக் நிறத்துக்கு இறங்கிவிடுமாம்.
லெபோ பசாரில் பதினெட்டுத் துண்டு
வெட்டி வாங்கினேன், இருநூற்றுப் பத்து வெள்ளி.
மொட்டைமாடிக் கொடியில் உலரவிட்டேன்.
பினாங்கு வெயிலுக்குப் பதினொரு நாள் போதும்,
ஒரு நாட்டை வெளுக்க.

அலபாமா என்ற கப்பல் உண்மை.
ஆயிரத்து எண்ணூற்று அறுபத்து மூன்று டிசம்பரில்
இந்த நீரிணையில் புகுந்து
வணிகக் கப்பல்களைக் கொளுத்தியதும் உண்மை.
எங்கள் படத்தில் அது ஜார்ஜ் டவுன் துறையில்
மரைன்களை இறக்குகிறது.
அது சுத்தப் பொய், இயக்குநருக்கே தெரியும்.
கதை பொய்யாகலாம் கோமளாங்கி,
பித்தான் பொய்யாகக்கூடாது என்பார்
பல்குச்சியை இடமிருந்து வலம் தள்ளியபடி.

லவ் லேன் விடுதிகளில் பதினொரு பையன்களைப் பிடித்தோம்.
அளவெடுக்கும்போது ஒரு போலந்துக்காரன் கேட்டான்,
நான் நல்லவனா கெட்டவனா?
மார்பு முப்பத்தெட்டு என்றேன்.
அவர்கள் எதற்காகப் போரிட்டார்கள் என்பது
என் துறை அல்ல, துணிதான் என் துறை.
கோடைக் காற்சட்டை வெள்ளைப் பருத்தி.
பருத்தி என்றால் யாரோ பறித்தது.
அதற்குமேல் குறிப்பில் கட்டம் இல்லை.

நேற்று ராத்திரி
நாற்பத்தொன்றாம் காட்சியின் தாளைப் புரட்டினேன்.
மரைன்கள், பதினொரு பேர்:
இணைப்பு, இருபத்து நான்கு பக்கம்.
துறைமுகக் கூலிகள், நாற்பது பேர்:
ஏதாவது அழுக்குத் துணி.

கையெழுத்து என்னுடையது.
'ஏ'யின் கொம்பு கூட என்னுடையது.
முதல் வாரம், பசியில், எழுதியிருக்கிறேன்.

நாற்பது பேரும் பிறையிலிருந்து வந்தவர்கள்,
இரவு ஷிப்ட் முடித்துவிட்டு ஃபெர்ரி ஏறி.
தேவசகாயம் என்பவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்,
அக்கா, அந்தக் காலத்துல முடிச்சு எந்தப் பக்கம்?
இடமா, வலமா?

எனக்குத் தெரியவில்லை.

தேடினேன்.
கணக்கேடுகளில் மூட்டையின் எடை இருக்கிறது.
ஒரு பழைய படத்தில் கிட்டங்கி இருக்கிறது,
பெயர்ப்பலகை எழுத்து எழுத்தாய்ப் படிக்கலாம்.
வாசலில் தொப்பிக்காரர்
தாடியின் மயிர் எண்ணும்படி நிற்கிறார்.
அந்நாள் கேமராவுக்கு அசையாமல் நிற்க வேண்டும்.
சுமை தூக்கியவன் எப்படி நிற்பான்?
அவன் இருந்த இடத்தில் ஒரு தீற்றல்.
பெருக்கிப் பார்த்தேன், இன்னும் பெருக்கினேன்.
தலைக்குமேல் மூட்டை மட்டும் கொஞ்சம் தெளிவு,
கீழே சாம்பல்.
பதினெட்டுத் துண்டையும் திரையில் வைத்துப் பார்த்தேன்.
எதுவும் பொருந்தவில்லை.

இன்னும் மூன்று நாள் வேண்டும் என்றேன் இயக்குநரிடம்.
கூலிக்காரன் இடுப்பை யார் பார்க்கப் போகிறார்கள்?
பல்குச்சி வலமிருந்து இடம் வந்தது.

காலையில் தேவசகாயமே இடப்பக்கம் முடிந்துகொண்டான்.
அவன் அப்பா பட்டறையில்
கைலியை அப்படித்தான் முடிவாராம்,
வலப்பக்கம் தூக்குகிற பக்கமாம்.
ஆதாரம் என்ற பத்தியில் எழுதினேன்:
தேவசகாயம், பிறை. வாய்மொழி. உறுதியில்லை.
நாற்பது பேருக்கும் இடப்பக்கம்.

மரைன்களுக்கு ஏழே பித்தான் தைத்தேன்.
கையைக் கட்டிக்கொண்டு நிற்கச்
சொல்லியிருக்கிறேன்.