ஏழாவது மூலை

ஈச்சங்காடு வந்தால்
பஸ்ஸில் ஜன்னல் மூடுவார்கள்.
நான் மூடுவதில்லை.
எந்த ஷெட்டில் இன்று என்ன கொதிக்கிறதென்று
மூக்கால் படித்துக்கொண்டே வேலைக்குப் போகிறவள்.

இரவு ஷிஃப்ட்.
சைக்ளோபென்டாடையீன், சும்மா விட்டால்
இரண்டிரண்டாய்க் கட்டிக்கொண்டு தூங்கிவிடும்.
நூற்றெழுபது டிகிரியில் பிரித்தெடுத்து
ஐஸில் அமர்த்திய குடுவையில்
சொட்டுச் சொட்டாய் வாங்கினேன்.

"இந்த நாத்தத்துக்கா மேடம்
அரோமேட்டிக்குன்னு பேரு?"
ஆபரேட்டர் வில்வநாதன்.
இன்னும் ஆகலை, ஒரு ஹைட்ரஜன் போகணும் என்றேன்.

சோடியம் ஹைட்ரைடு.
குமிழி, குமிழி.
போகிற ஹைட்ரஜன்
பிணைப்பில் இருந்த இரண்டு எலக்ட்ரானையும்
அங்கேயே போட்டுவிட்டுப் போகிறது.
வேறொரு கார்பன் என்றால்
அந்தச் சுமையோடு துடித்து
எதிரே வந்தவரிடம் எல்லாம்
புரோட்டான் பிடுங்கப் பார்க்கும்.
இங்கே ஐந்து கார்பனும் ஒரே தட்டையில் படுத்து,
இருந்த நாலும் வந்த இரண்டும் ஆறாகி
வட்டமாய் ஓடுகின்றன.
யார் தலையில் சுமை என்று கேட்டால்
ஐந்தும் ஐந்திலொரு பங்கு காட்டும்.

பஞ்சுக் கையுறையில் பேனாவால்
ஐங்கோணம் போட்டுக் காட்டினேன்.
அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அப்ப ஏழு பேர் வட்டமா இருந்தா
இன்னும் லேசா இருக்கும்ல?"

எல்லோரும் கேட்கிற கேள்விதான்.
பதில்தான் யாருக்கும் பிடிப்பதில்லை.
ஏழில், இருந்தது ஆறு. வந்தது இரண்டு. எட்டு.
எட்டு அந்த வட்டத்துக்கு ஆகாது.
தட்டையாய்ப் படுத்தால் இன்னும் வலிக்கும்,
அதனால் ஒவ்வொன்றும் முறுக்கிக்கொண்டு
அடுத்ததன் முகம் பார்க்காமல் திரும்பிக்கொள்ளும்.
பங்கு போட ஆள் இருந்து என்ன,
எண் ஒத்துவரணும்.

"எங்க வீட்ல ஏழு பேர் மேடம்"
என்றான்.
அப்பாவின் ஆஸ்பத்திரிக் கடன்
ஷிஃப்டில் எல்லோருக்கும் தெரியும்.
கார்பனுக்குக் கோபம் தெரியாது வில்வநாதன்,
இது வெறும் கணக்கு,
என்று சொல்ல வாயெடுப்பதற்குள்
நைட்ரஜன் அழுத்தம் பார்க்கப் போய்விட்டான்.

நாலு மணிக்குக் குமிழி நின்றது.
உப்பனாற்றுப் பக்கமிருந்து ஈரக்காற்று.
அது மட்டும் உள்ளே வரக் கூடாது,
வந்தால் எல்லாம் பழுப்பாகிவிடும்.

பதிவேட்டில் அவன் கையெழுத்து:
நிறம், வெளிர் ரோஜா. வாயு இல்லை.
ஓரத்தில் பேனாவால் ஓர் எழுகோணம்.
ஆறு மூலை அழுத்தமாய்.
ஏழாவதைச் சேர்க்காமல் விட்டிருந்தான்.

நான் கீழே கையெழுத்துப் போட்டேன்.