அரை வோட்ஸ்

மல்லாவியில் சவுண்ட் சேர்விஸ்காரர் கடையை விற்றார்.
பதினைந்து இஞ்சி ஸ்பீக்கர் இரண்டு, கொம்பு இரண்டு.
மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன்.

கோயில் வெளி தாண்டி
வயற்கரை மட்டும் எறியப் பழகிய சாமான்.
வீட்டுத்திட்ட ஹோலோ பத்தடிக்குப் பன்னிரண்டு.
பெட்டி நுழையவில்லை;
கதவைக் கழற்றினோம்.

கதவைத் திரும்பப் பூட்டமுதலே வந்திட்டா
பக்கத்துவளவு ஞானசௌந்தரி அக்கா:
"பெடிச்சிக்குச் சோதினை, தெரியுந்தானே?"

அரை வோட்ஸ்கூட இராது, போட்டேன்.
"கரண்ட் நிண்டிட்டுதோ?" என்றா.
பிறகு சட்டென்று
கையை உயர்த்தி எங்களை அடக்கினா.

பாடுகிறவள் மூச்செடுத்தாள்.
வில் நரம்பைத் தொட முன்னம்
ஒரு சின்ன உரசல்.

ஆயிரம் பேருக்குக் கத்தின தொண்டை
மூன்று பேரோடு கதைக்கையில்
கொஞ்சமும் களைக்கவில்லை.
கடதாசிக் கூம்பில் விரல் வைத்துப் பார்த்தா,
அசைவே இல்லை.

பாட்டு முடிந்தது. ம்ம்ம்ம் என்றது பெட்டி.
"உள்ளுக்கை குளவியோ?"
இல்லை அக்கா, என்ர பழைய அம்ப்.
இத்தனை வருஷமும் இரைந்ததுதான்;
முந்தின ஸ்பீக்கர் சொல்லவேயில்லை.

படலையடியில் நின்று திரும்பினா:
"சோதினை முடியட்டும்.
ஒருக்கா
உரக்கப் போடு."