பக்கம் நான்கு, ஆறாம் மெய்ப்பு

மூன்றாம் வகுப்பு நிலவரைப் புத்தகம்.
'நம் நாடு: ஓர் அறிமுகம்.'
உலகின் ஒன்பதாவது பெரிய நாட்டுக்கு
நூற்றிருபது சொல் ஒதுக்கியிருக்கிறார்கள்.
அல்மாத்தியில், வெப்பக்குழாய் முனகும் அறையில்,
சிவப்புப் பேனாவோடு நான்.

முதல் வரியிலேயே தடுக்கியது.
கான் தெங்கிரிச் சிகரம்:
பனியைச் சேர்த்தா, சேர்க்காமலா?
சேர்த்தால் ஏழாயிரத்துப் பத்து மீட்டர்.
சுரண்டிவிட்டால் ஏழாயிரத்துக்கு ஐந்து குறைவு.
வரைபடப் பிரிவு எர்வினிடம் கேட்டேன்.
"தொப்பியைக் கழற்றச் சொல்லியா
உன் உயரத்தை அளப்பார்கள்?" என்றான்.
"அப்படித்தான் அளப்பார்கள்" என்றேன்.
சற்று யோசித்துவிட்டு
தொப்பியோடே அச்சிட்டான்.

கராகியே பள்ளம், கடல்மட்டத்துக்குக் கீழே
நூற்று முப்பத்திரண்டு மீட்டர்.
பெருங்கடலைத் தொடாத நாட்டில்
கடல்மட்டம் எங்கிருந்து வந்தது என்று
எந்தப் பிள்ளையும் கேட்காமலிருக்க வேண்டும்.

பல்காஷ் ஏரிக்கு மேற்கே நன்னீர், கிழக்கே உப்பு.
ஓவியர் ஒரே நீலம் பூசியிருக்கிறார்.
தண்ணீர் தகராறில்லாமல் பிரித்துக்கொண்டதை
நான் எதற்குக் கிண்ட வேண்டும்,
விட்டுவிட்டேன்.

ஆரல் கடலை அப்படி விட முடியாது.
எந்த ஆண்டின் ஆரல்?
லியாலியா ஹெகாயின் மேசைக் கண்ணாடிக்கடியில்
பழைய பதிப்புகளிலிருந்து வெட்டிய ஐந்து ஆரல்கள்:
முதலாவது உள்ளங்கை அகலம்,
கடைசி இரண்டும் நகம் வெட்டிப் போட்ட மாதிரி.
வடக்கே அணை கட்டியபின்
கொஞ்சம் நீர் திரும்பியிருக்கிறதாம்.
லியாலியா தூரிகையை நனைத்து
கரைக்கோட்டைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர் நீலம் வைத்தாள்.
பார்த்தேன்.
பார்க்கவில்லை.

கொடி: வான நிறம், பொன் சூரியன், அடியில் புல்வெளிக் கழுகு.
ஓரத்தில் பென்சிலால் குறித்தேன்:
'கதிர்கள் முப்பத்திரண்டா? எண்ணு.'
சின்னத்தின் நடுவே ஷானிராக்,
கூடாரத்தின் உச்சி வளையம்.
புகை வெளியேற, நட்சத்திரம் உள்ளே வர, ஒரே வழி.
கம்பளி மக்கும், கழி முறியும்,
வளையம் மட்டும் கடைக்குட்டி மகனுக்குப் போகும்.
எங்கள் ஏழாம் மாடி வீட்டில் அண்ணாந்தால்
எட்டாம் மாடியின் சலவை இயந்திரம் அதிர்கிறது.

தலைநகரம்:
அக்மோலின்ஸ்க், செலினோகிராத், அக்மோலா,
அஸ்தானா, நூர்-சுல்தான், மறுபடி அஸ்தானா.
அஸ்தானா என்றாலே தலைநகரம்தான்.
தலைநகரத்தின் பெயர் தலைநகரம்.
அடிக்குறிப்பு வேண்டாமென்று முடிவுசெய்தோம்.

வரலாற்றுக்கு மிச்சம் முப்பது சொல்.

'முப்பதுகளில் மக்கள்தொகை குறைந்தது.'
குறைந்தது என்பதை அடித்து
'பட்டினியில் மாண்டார்கள்' என்று எழுதினேன்.
ஒரு சொல் கூடிவிட்டது.
அடுத்த வரி:
'கொரியரும் ஜெர்மானியரும் இங்கே வந்தனர்.'

எர்வினின் தாத்தா வோல்காக் கரையிலிருந்து.
லியாலியாவின் பாட்டனார் கீழைக் கடலோரத்திலிருந்து,
மாடு ஏற்றும் ரயில்பெட்டியில், ஒரு மாதம்.
இருவரும் அறையில்தான் இருந்தார்கள்.
லியாலியா தன் காரக் கேரட் டப்பாவைத்
திறந்து நீட்டிக்கொண்டிருந்தாள்.

வந்தனர்.
பேனா அதன்மேலேயே நின்றது.
'கொண்டுவரப்பட்டனர்.'

வரி நீண்டு விளிம்பைத் தாண்டியது.
எதையாவது வெட்ட வேண்டும்.
'வளமான' வெட்டினேன். 'புகழ்மிக்க' வெட்டினேன்.
'ஆப்பிளின் தாயகம்' என்பதில் கைவைக்க மனம் வரவில்லை.
இன்னும் இரண்டெழுத்து துருத்திக்கொண்டிருந்தது.

எர்வின் என் தோளுக்குப் பின்னாலிருந்து வாசித்தான்.
ஒன்றும் சொல்லாமல் தன் திரைக்குப் போய்
எழுத்துகளுக்கிடையே மயிரிழை மயிரிழையாக
இடத்தை இறுக்கினான்.
வரி அடங்கிவிட்டது.
பக்கத்திலேயே அது மட்டும்
கொஞ்சம் நெருக்கமாக இருக்கும்,
ஆட்களை அடைத்த பெட்டி போல.
அதை அவனும் கவனித்திருப்பான்.

இரவு ஏழுக்குக் கோப்பு அச்சகம் போனது.

பத்து மணிக்கு, பல் துலக்கும்போது
நினைவு வந்தது பென்சில் குறிப்பு.
ஈரக் கையோடு நகலைப் பிரித்து
ஊசிமுனையால் எண்ணினேன், இரண்டு முறை.
முப்பத்தொன்று.

அச்சகத்தில் யாரும் போனை எடுக்கவில்லை.
எண்பதாயிரம் பிரதி.
எண்ணிப் பார்க்கிற பிள்ளை
எங்காவது ஒன்று இருக்கும்,
அத்திராவிலோ, ஓஸ்கெமெனிலோ.
அதன் கடிதத்துக்கு இப்போதே
பதில் யோசித்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.